ஆண்களுக்கான மரபணுப் பரிசோதனை: எங்கே தொடங்குவது, அறிக்கை வந்தபின் என்ன செய்வது

அம்மாவுக்கும் சித்திக்கும் மார்பகப் புற்றுநோய் வந்த வீட்டில் மகள்களைத்தான் மரபணுப் பரிசோதனைக்கு அழைத்துப் போவார்கள். மகனை யாரும் கூப்பிடுவதில்லை, அவனும் கேட்பதில்லை. ஆனால் பரம்பரை மார்பகப் புற்றுநோயோடு தொடர்புள்ள பி.ஆர்.சி.ஏ.1 மரபணு இருப்பது 17ஆம் குரோமோசோமில், பி.ஆர்.சி.ஏ.2 இருப்பது 13ஆம் குரோமோசோமில். இரண்டும் ஆண், பெண் இருவருக்கும் பொதுவானவை. அம்மாவிடம் இவற்றில் நோய் தரும் மாற்றம், அதாவது பிறழ்வு, இருந்தால் மகளுக்கு வர எவ்வளவு வாய்ப்போ அதே 50 சதவீதம் மகனுக்கும் உண்டு. வந்துவிட்டால் அவனுடைய புராஸ்டேட் (சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி), கணையம், ஏன் மார்பகத்துக்கும்கூட ஆபத்து கூடுகிறது. அவன் கடைசிவரை நன்றாக இருந்தாலும் அவன் மகளுக்கு அது போய்ச் சேரலாம்.

இப்படிக் கவனிக்காமல் விடப்பட்ட ஆண்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். இரத்தம் எடுப்பதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலை நிறைய இருக்கிறது. அதைச் சரியாகச் செய்தால் பரிசோதனையே தேவையில்லை என்றுகூடத் தெரியவரலாம்.

படி 1: குடும்ப வரைபடம் போடுங்கள்

ஒரு பெரிய தாளில் மூன்று தலைமுறையை, பிள்ளைகள் இருந்தால் நான்கை, வரையுங்கள். நீங்கள், உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள்; அதற்கு மேல் அப்பா, அம்மா, சித்தப்பா, பெரியப்பா, அத்தை, மாமா, சித்தி, பெரியம்மா; அதற்கும் மேல் இரண்டு பக்கத் தாத்தா பாட்டிகள். ஒவ்வொருவருக்கும் இப்போதைய வயது அல்லது இறந்த வயது, வந்த நோய், அந்த நோய் எந்த வயதில் கண்டுபிடிக்கப்பட்டது என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் கடைசி விவரத்தைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். மருத்துவர் முதலில் கேட்பதும் அதைத்தான். 78 வயதில் வந்த பெருங்குடல் புற்றுநோயும் 41 வயதில் வந்ததும் ஒரே எடை கொண்டவை அல்ல.

அப்பா வழி, அம்மா வழி இரண்டையும் ஒரே அக்கறையோடு கேளுங்கள். ஆண்களுக்கே பெரும்பாலும் வரும் நோய்களில் சில, எக்ஸ் குரோமோசோம் வழியாக அம்மாவிடமிருந்து வருபவை. ஹீமோஃபிலியா, டுஷென் தசைச் சிதைவு, ஜி6பி.டி. நொதிக் குறைபாடு மூன்றும் அப்படித்தான். அம்மாவின் தம்பிக்கு இருந்தது, உங்களுக்கும் இருக்கலாம். பெண்கள் குறைவாகப் பிறந்த அப்பா வழியிலோ பி.ஆர்.சி.ஏ. பிறழ்வு இரண்டு தலைமுறைக்குச் சத்தமில்லாமல் ஒளிந்திருக்கலாம்.

பெரியவர்கள் சொல்வதை அப்படியே எழுதிக்கொண்டு நிறுத்தாதீர்கள், கொஞ்சம் தோண்டுங்கள். "வயிற்றில் கட்டி" என்பது சினைப்பையாக, கணையமாக, பெருங்குடலாக, கருப்பையாக எதுவாகவும் இருந்திருக்கலாம். வயதான ஆணுக்கு "எலும்பில் கேன்சர்" என்றால் அது புராஸ்டேட்டிலிருந்து பரவியதாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. "தூக்கத்திலேயே போய்விட்டார்", அதுவும் 38 வயதில் என்றால் அது இதயம் சம்பந்தப்பட்டதா என்று கேட்கத் தோன்றவேண்டும். நன்றாக நீந்தத் தெரிந்த இளைஞர் தண்ணீரில் மூழ்கி இறந்தார் என்றாலும் அப்படியே. நீந்தும்போது இதயத் துடிப்பு தடம்புரளும் பரம்பரை நோய் ஒன்று உண்டு. நீண்ட க்யூ.டி. நோய்க்குறியின் முதல் வகை அது. பழைய பயாப்ஸி அறிக்கை, டிஸ்சார்ஜ் சம்மரி, இறப்புச் சான்றிதழ் எது கிடைத்தாலும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். உறவினர் சொல்லும் பத்து வார்த்தையைவிட ஒரு பயாப்ஸித் தாள் அதிகம் சொல்லும்.

பெற்றோர் இரத்த உறவில் மணம் செய்தவர்களா என்பதையும் குறியுங்கள். இருவரிடமிருந்தும் பிறழ்வு வந்தால் மட்டுமே வெளிப்படும் நோய்களுக்கு அது முக்கியம்.

படி 2: வரைபடத்தில் எதைத் தேடுவது

மார்பகம், சினைப்பை, கணையம், புராஸ்டேட் இவற்றில் இரண்டு மூன்று ஒரே பக்க உறவில் தென்பட்டால் பி.ஆர்.சி.ஏ. குடும்பமா என்று பார்க்கவேண்டும். குடும்பத்தில் ஓர் ஆணுக்கு மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் வேறு எதுவும் இல்லாவிட்டாலும் அது ஒன்றே போதும். பொதுவாக ஆயிரம் ஆண்களில் ஒருவருக்குத்தான் வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வரும். பி.ஆர்.சி.ஏ.2 பிறழ்வு உள்ள ஆண்களில் அது நூற்றுக்கு ஏறக்குறைய 7, பி.ஆர்.சி.ஏ.1 என்றால் 1. இதைவிட ஆண்களுக்குப் பெரிய கவலை புராஸ்டேட்தான். பி.ஆர்.சி.ஏ.2 பிறழ்வோடு வரும் புராஸ்டேட் புற்றுநோய் இளவயதிலேயே வரக்கூடியது, வேகமாகப் பரவக்கூடியது. உடலின் மற்ற பாகங்களுக்குப் பரவிய புராஸ்டேட் புற்றுநோய் உள்ள 692 ஆண்களை ஆராய்ந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வில், டி.என்.ஏ.வைப் பழுதுபார்க்கும் மரபணுக்களில் பரம்பரைப் பிறழ்வு உள்ளவர்கள் ஏறக்குறைய 12 சதவீதம் என்று தெரியவந்தது. அதனால்தான் பரவிய நிலையில் உள்ள எல்லோருக்கும், குடும்ப வரலாறு இருந்தாலும் இல்லாவிட்டாலும், இப்போது பரம்பரை மரபணுப் பரிசோதனை பரிந்துரைக்கப்படுகிறது. நோயாளிக்கே அதில் பலன் உண்டு. ஒலாபரிப் போன்ற மருந்துகள் இந்தப் பிறழ்வு உள்ள புற்றுநோயைக் குறிவைத்தே வேலை செய்கின்றன.

பெருங்குடல், கருப்பை, வயிறு, சிறுநீர்க்குழாய் என்று ஒரே குடும்பத்தில் கலந்து வருகிறதா, அதிலும் 50 வயதுக்கு முன்பே வருகிறதா? அப்படியானால் லின்ச் நோய்க்குறி என்ற பரம்பரைப் புற்றுநோய் நிலையா என்று பார்க்கவேண்டும். எம்.எல்.ஹெச்.1, எம்.எஸ்.ஹெச்.2, எம்.எஸ்.ஹெச்.6, பி.எம்.எஸ்.2 ஆகிய மரபணுக்களோடு, எம்.எஸ்.ஹெச்.2வுக்குப் பக்கத்தில் இருக்கும் எப்கேம் மரபணுவும் இதில் சேரும். ஏறக்குறைய 280 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது, பெரும்பாலானோருக்கு இருப்பதே தெரியாது.

மாரடைப்புப் பக்கம் வந்தால், குடும்பத்தில் ஆண்கள் நாற்பதுகளிலேயே மாரடைப்பில் விழுகிறார்கள் என்றால் முதலில் பார்க்கவேண்டியது பரம்பரைக் கொலஸ்ட்ரால் நோய். 250 பேரில் ஒருவருக்கு என்ற அளவில் இருப்பதால் இதை அரிய நோய் என்றே சொல்ல முடியாது. சிகிச்சை இல்லாவிட்டால் இந்த ஆண்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு 50 வயதுக்குள் இதய நோய் வந்துவிடும். ஆனால் இங்கே முதல் பரிசோதனை மரபணு கிடையாது, சாதாரணக் கொலஸ்ட்ரால் பரிசோதனைதான். எல்.டி.எல். எனப்படும் கெட்ட கொலஸ்ட்ரால் ஒரு டெசிலிட்டருக்கு 190 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. அப்புறம் எல்.டி.எல்.ஆர்., ஏபிஓபி, பி.சி.எஸ்.கே.9 மரபணுக்களைப் பார்க்கலாம். மரபணு அறிக்கைக்காகக் காத்துக்கொண்டு, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையைத் தள்ளிப்போடக் கூடாது.

இதயத் தசை தடித்துப்போகும் நோய் 500 பேரில் ஒருவருக்கு என்று கணக்கிடுகிறார்கள். ப்ருகாடா நோய்க்குறி ஆண்களிடமே பல மடங்கு அதிகமாக வெளிப்படுகிறது. காய்ச்சல் வந்த இரவில், தூக்கத்தில், திடீரென்று இதயம் நின்றுபோகக் கூடியது இது. இந்த இரண்டு நோய்களிலும் மரபணுப் பரிசோதனை எல்லோரிடமும் விடை சொல்லாது. ப்ருகாடாவில் எஸ்.சி.என்.5ஏ மரபணுவில் பிறழ்வு கிடைப்பது நாலில் ஒருவர் அளவுக்குத்தான். அதனால் குடும்பத்தில் இளவயது திடீர் மரணம் இருந்தால் ஈ.சி.ஜி.யும் எக்கோவும் எடுத்தே ஆகவேண்டும்.

உடலில் இரும்புச்சத்து தேங்கும் ஹீமோகுரோமடோசிஸ் வட ஐரோப்பிய வம்சாவளியினரிடம் அதிகம். மாதவிடாயில் இரும்பு வெளியேறுவதால் பெண்களுக்குத் தாமதமாகத் தெரியும், ஆண்களுக்கு முன்னதாகவே கல்லீரலும் மூட்டுகளும் பாதிக்கப்படும். இங்கேயும் உடலின் இரும்பு நிலையைக் காட்டும் இரத்தப் பரிசோதனைகளான ஃபெரிட்டினும் டிரான்ஸ்ஃபெரின் செறிவும் பார்த்த பிறகுதான் ஹெச்.எஃப்.இ. மரபணு.

விதைப்பைப் புற்றுநோய் உள்ளவரின் சகோதரருக்கு ஆபத்து பல மடங்கு கூடும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கென்று பரிசோதிக்கத்தக்க தனியொரு வலுவான மரபணு இல்லை. அந்தச் சகோதரர்கள் விதைப்பையைத் தாமாகவே தொட்டுப் பார்த்து, கட்டி தென்பட்டால் உடனே மருத்துவரிடம் போவதுதான் பயனுள்ளது.

குழந்தைப்பேறுக்காக மருத்துவரிடம் போன ஆண்களுக்குத் தனிப் பட்டியல் உண்டு. விந்தணுவே இல்லை அல்லது மிக மிகக் குறைவு என்றால் குரோமோசோம் பரிசோதனையும் ஒய் குரோமோசோமில் சிறு துண்டு காணாமல் போயிருக்கிறதா என்று பார்க்கும் நுண்நீக்கப் பரிசோதனையும் செய்வார்கள். 500 முதல் 1000 ஆண்களில் ஒருவருக்கு ஓர் எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருக்கும் க்ளைன்ஃபெல்டர் நிலை உண்டு. பலருக்கு இந்தக் கட்டத்தில்தான் அது தெரியவருகிறது. ஒய் குரோமோசோமில் விந்தணு உருவாகத் தேவையான ஏ.இசட்.எஃப். என்ற இடத்தின் ஏ அல்லது பி பகுதி முழுதாக இல்லையென்றால் அறுவை செய்து தேடினாலும் விந்தணு கிடைப்பது அநேகமாக நடக்காது. சி பகுதி மட்டும் இல்லையென்றால் கிடைக்க நல்ல வாய்ப்புண்டு. ஒரு வீண் அறுவையைத் தவிர்க்கும் பரிசோதனை இது, தயவுசெய்து கேட்டு வாங்குங்கள். விந்துக்குழாயே பிறவியில் இல்லையென்றால் சி.எஃப்.டி.ஆர். மரபணுவைப் பார்க்கவேண்டும். சிகிச்சை தொடங்கும் முன் மனைவிக்கும் அதே பரிசோதனை தேவை, ஏனென்றால் இருவரிடமும் பிறழ்வு இருந்தால் குழந்தைக்கு நுரையீரலைப் பாதிக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற நோய் வரலாம்.

படி 3: முதலில் யாருக்குப் பரிசோதனை?

நோய் வந்தவருக்கு. அவர் உயிரோடு இருந்தால், சம்மதித்தால், முதலில் அவருடைய இரத்தத்தைத்தான் பார்க்கவேண்டும். இந்த ஒரு விதியை மீறுவதால் ஏற்படும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல.

அப்பாவுக்கு 52 வயதில் புராஸ்டேட் புற்றுநோய் என்று வைத்துக்கொள்வோம். மகன் மட்டும் பரிசோதித்து "பிறழ்வு இல்லை" என்று வருகிறது. அப்பாவிடம் பிறழ்வு இருந்து அது மகனுக்கு வராமல் போனதா, அல்லது குடும்பத்தின் பிறழ்வு இன்னும் கண்டுபிடிக்கப்படாத ஒரு மரபணுவில் இருக்கிறதா? சொல்ல வழியில்லை. அப்பாவிடம் பி.ஆர்.சி.ஏ.2இல் குறிப்பிட்ட பிறழ்வு உறுதியாகிவிட்டால் கதையே வேறு. மகனிடம் அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும், செலவும் குறையும். அங்கே இல்லையென்றால் அது உண்மையான "இல்லை". நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்.

நோயுற்றவர் இல்லை என்றால், நோய் வந்தவருக்கு மிக நெருக்கமான உறவினர் முதலில் செய்துகொள்ளட்டும்.

படி 4: மரபணு ஆலோசகரைப் பாருங்கள்

வரைபடத்தோடு மரபணு ஆலோசகரிடமோ, மரபியல் தெரிந்த மருத்துவரிடமோ போங்கள். உங்களுக்கு எந்த மரபணுக்களைப் பார்க்கவேண்டும், எதைப் பார்க்க வேண்டாம் என்று தீர்மானிப்பது அவர் வேலை. உங்களுக்கென்று ஒரு வேலை இருக்கிறது. பிறழ்வு இருக்கிறது என்று வந்தால் நான் என்ன செய்வேன் என்ற கேள்விக்கு முன்கூட்டியே விடை யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். பி.ஆர்.சி.ஏ.2, லின்ச், கொலஸ்ட்ரால் ஆகியவற்றில் செய்ய நிறைய இருக்கிறது. மூளையைப் படிப்படியாகச் சிதைக்கும் ஹன்டிங்டன் நோயில் நிலைமை அப்படியல்ல. மரபணு 1993லேயே கண்டுபிடிக்கப்பட்டது, ஆனால் நோய் வருவதைத் தடுக்கும் மருந்து இன்னும் இல்லை. தெரிந்துகொள்ள விரும்பாமல் இருப்பது முழுக்க நியாயமான முடிவு. அதை யாரும் குறை சொல்லக் கூடாது.

காப்பீடு பற்றியும் இப்போதே கேளுங்கள். மரபணுத் தகவலைக் காப்பீட்டு நிறுவனம் கேட்கலாமா கூடாதா என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 2008இல் வந்த சட்டம் மருத்துவக் காப்பீட்டிலும் வேலையிலும் பாதுகாப்புத் தருகிறது, ஆயுள் காப்பீட்டை அது தொடவில்லை. உங்கள் நாட்டு நிலைமையைத் தெரிந்துகொண்டு பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

படி 5: எந்தப் பரிசோதனை, எந்த ஆய்வுக்கூடம்

குடும்பப் பிறழ்வு தெரிந்திருந்தால் அந்த ஒரு பிறழ்வுக்கான பரிசோதனை. தெரியாவிட்டால் சம்பந்தப்பட்ட மரபணுக்களை மட்டும் கொண்ட தொகுப்பு. எல்லா மரபணுவையும் ஒரேயடியாகப் பார்த்துவிடலாமே என்று தோன்றும். அதிகம் பார்த்தால் அதிகம் விடை வராது, விளங்காத முடிவுகள்தான் அதிகம் வரும். என் கருத்தில் தேவைக்கேற்ற சிறிய தொகுப்பே நல்லது.

ஆய்வுக்கூடத்திடம் மூன்று கேள்வி கேளுங்கள். மரபணுவை முழுதாகப் படிக்கிறீர்களா, தெரிந்த சில இடங்களை மட்டும் பார்க்கிறீர்களா? மரபணுவின் பெரிய துண்டே காணாமல் போயிருந்தாலோ இரட்டித்திருந்தாலோ அதையும் கண்டுபிடிப்பீர்களா? பின்னாளில் முடிவின் வகை மாறினால் எங்களுக்குத் தெரிவிப்பீர்களா?

வீட்டுக்கு அனுப்பப்படும் எச்சில் டப்பாக்களைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. குடும்ப வரலாறு உள்ள ஆண் அதை நம்பி உட்காரக் கூடாது. ட்வென்டி த்ரீ அண்ட் மீ நிறுவனத்தின் பி.ஆர்.சி.ஏ. பரிசோதனைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் அனுமதி தந்தபோது அது பார்த்தது மூன்றே மூன்று பிறழ்வுகளை. அஷ்கனாசி யூதர்களிடம் அதிகம் காணப்படுபவை அவை. நோய் தரும் பி.ஆர்.சி.ஏ. பிறழ்வுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அதில் "இல்லை" என்று வந்ததை வைத்து நிம்மதியடைவது ஆபத்து. மறுபக்கமும் உண்டு. இப்படிப்பட்ட டப்பாக்களின் மூலத் தரவில் தென்பட்ட பிறழ்வுகளை மருத்துவக் கூடத்தில் சரிபார்த்த ஓர் ஆய்வில் 40 சதவீதம் தவறு என்று தெரிந்தது. அதே நிறுவனத்தில் 2023இல் ஏறக்குறைய 69 இலட்சம் பேரின் தகவல் கசிந்தது, 2025இல் அது திவால் மனு போட்டது. உங்கள் மரபணுத் தகவல் யார் கையில் எவ்வளவு காலம் இருக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள இது போதுமான காரணம்.

இரத்தமோ எச்சிலோ எதுவானாலும் சரி, சாப்பிடாமல் போகவேண்டிய அவசியமில்லை. எச்சில் என்றால் மட்டும் கொடுப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து எதையும் சாப்பிடவோ குடிக்கவோ வேண்டாம். வேறொருவரிடமிருந்து எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொண்டவராக இருந்தால் அவசியம் சொல்லுங்கள். அவர்கள் இரத்தத்தில் இருப்பது கொடையாளியின் டி.என்.ஏ.; தோல் மாதிரி எடுக்கவேண்டியிருக்கும். முடிவு வரப் பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும்.

படி 6: அறிக்கையைப் படிப்பது

ஒவ்வொரு மாறுபாட்டையும் கூடங்கள் ஐந்து வகையாகப் பிரிக்கின்றன: நோய் தருவது, அநேகமாக நோய் தருவது, விளங்காதது, அநேகமாகத் தீங்கற்றது, தீங்கற்றது. முதல் இரண்டில் எது வந்தாலும் செயல்படவேண்டும். கடைசி இரண்டைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், பெரும்பாலும் அவை அறிக்கையிலேயே இருக்காது.

நடுவில் உள்ள "விளங்காதது"தான் மனிதர்களைத் தூங்கவிடாமல் செய்கிறது. உங்கள் மரபணுவில் ஒரு மாற்றம் இருக்கிறது, அது நோய் தருமா என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. அவ்வளவுதான் அதன் பொருள். காலப்போக்கில் வகை மாற்றப்படும்போது இவற்றில் மிகப் பெரும்பாலானவை தீங்கற்றவை என்றே முடிகின்றன. ஆகவே இதை வைத்து அறுவை சிகிச்சையோ, தம்பிக்குப் பரிசோதனையோ, கல்யாணத்தை நிறுத்துவதோ எதுவும் செய்யக் கூடாது. கண்காணிப்பைக் குடும்ப வரலாறு சொல்கிறபடி தொடருங்கள். ஐரோப்பிய வம்சாவளி அல்லாதவர்களுக்கு இந்த முடிவு கூடுதலாக வரும். உலகின் மரபணுத் தரவுத் தொகுப்புகளில் அவர்களுடைய மாதிரிகள் குறைவு என்பதுதான் காரணம். அவர்கள் உடலில் ஏதோ கோளாறு என்று பொருளில்லை.

பிறழ்வு இருக்கிறது என்றே வந்தாலும் நோய் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பி.ஆர்.சி.ஏ.2 பிறழ்வு உள்ள நூறு ஆண்களில் 93 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வராது என்றும் அந்தக் கணக்கைப் படிக்கலாம்.

படி 7: பிறழ்வு உறுதியானால்

பி.ஆர்.சி.ஏ.2 என்றால், 35 வயதிலிருந்து மாதாமாதம் மார்பைத் தாமே தொட்டுப் பார்க்கவும், ஆண்டுக்கொரு முறை மருத்துவரிடம் காட்டவும் சொல்கிறார்கள். 40 வயதிலிருந்து புராஸ்டேட்டுக்கான பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனை. முன்னெச்சரிக்கையாக மார்பகத்தையோ புராஸ்டேட்டையோ எடுத்துவிடுவது ஆண்களுக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை. இந்த பயத்தினாலேயே சிலர் பரிசோதனைக்கு வர மறுக்கிறார்கள், அவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

லின்ச் என்றால் கொலோனோஸ்கோபி, அதாவது பெருங்குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்ப்பது. எம்.எல்.ஹெச்.1, எம்.எஸ்.ஹெச்.2 பிறழ்வுக்கு 20 முதல் 25 வயதிலேயே தொடங்கி ஒன்று இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. எம்.எஸ்.ஹெச்.6, பி.எம்.எஸ்.2 இரண்டுக்கும் சற்றுத் தாமதமாகத் தொடங்கலாம். புற்றாக மாறும் முன்பே பாலிப்பை (குடலின் உட்சுவரில் வளரும் சிறு சதைக்கட்டி) அங்கேயே நறுக்கி எடுத்துவிட முடியும் என்பதால் இதில் பலன் மிகத் தெளிவானது. தினமும் ஆஸ்பிரின் எடுப்பது லின்ச் உள்ளவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோயைக் குறைக்கிறது என்றும் ஆய்வு காட்டியிருக்கிறது. அளவை மருத்துவர்தான் சொல்லவேண்டும், நீங்களாக ஆரம்பிக்காதீர்கள்.

கொலஸ்ட்ராலுக்கு ஸ்டாட்டின், தேவைப்பட்டால் எஸெட்டிமைப், அதற்கும் மேல் பி.சி.எஸ்.கே.9 ஊசி. ஹீமோகுரோமடோசிஸுக்கு அவ்வப்போது இரத்தத்தை எடுத்துவிடுவதே சிகிச்சை. ப்ருகாடாவுக்குக் காய்ச்சலை உடனே தணிப்பதும், தவிர்க்கவேண்டிய மருந்துகளின் பட்டியலைக் கையில் வைத்திருப்பதும் முக்கியம். சிலருக்கு, தடம்புரண்ட இதயத் துடிப்பை மின் அதிர்ச்சியால் சரிசெய்யும் டிஃபிப்ரிலேட்டர் கருவியைப் பொருத்தவேண்டி வரும்.

படி 8: வீட்டாருக்குச் சொல்வது

ஆண்கள் தடுமாறும் இடம் இது. உடம்புக்கு என்ன என்று கேட்டாலே "ஒன்றுமில்லை" என்று சொல்லிப் பழகியவர்கள், மரபணு அறிக்கையைப் பூட்டி வைத்துவிடுகிறார்கள். ஆனால் உங்களிடம் பி.ஆர்.சி.ஏ. பிறழ்வு இருந்தால் உங்கள் அக்காவுக்கும் தங்கைக்கும் மகளுக்கும் தலா 50 சதவீத வாய்ப்பு. பிறழ்வு உள்ள பெண்களுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் ஆபத்து ஏறக்குறைய 70 சதவீதம். சினைப்பைப் புற்றுநோயும் உண்டு, அதை முன்கூட்டியே கண்டுபிடிக்க நம்பகமான வழி இல்லை. உங்களுக்கு அது ஒரு கண்காணிப்புப் பட்டியல், அவர்களுக்கோ அதைவிட மிகப் பெரிய விஷயம்.

நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஆலோசகரிடம் உறவினர்களுக்கான கடிதம் கேளுங்கள், எழுதித் தருவார்கள். அதில் மரபணுவின் பெயர், பிறழ்வின் முழுக் குறியீடு, பரிசோதித்த கூடம் இருக்கவேண்டும். அந்தக் குறியீடு இல்லாமல் "அண்ணனுக்கு ஏதோ மரபணு கோளாறாம்" என்று போனால் உங்கள் தங்கைக்கு மீண்டும் முதலிலிருந்து தொகுப்புப் பரிசோதனை செய்யவேண்டி வரும். அறிக்கையின் நகலை அனுப்புவது இன்னும் நல்லது. அண்ணன் தம்பிகளிடம் பேசும்போது "இது பெண்களுக்கான பரிசோதனை இல்லை" என்பதை முதல் வாக்கியமாகவே சொல்லிவிடுங்கள்.

பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தால், பெரியவர்களுக்கு மட்டுமே வரும் நோய்களுக்கு 18 வயதுவரை பரிசோதிப்பதில்லை. வளர்ந்தபின் அவர்களே முடிவு செய்யட்டும். பரம்பரைக் கொலஸ்ட்ரால் இதற்கு விதிவிலக்கு. அதற்குச் சிறுவயதிலேயே பரிசோதித்து, எட்டு பத்து வயதிலேயே மருந்து தொடங்கலாம். பெருங்குடலில் நூற்றுக்கணக்கில் பாலிப் வரும் ஏ.பி.சி. மரபணு நோய்க்கும் பத்து வயதை ஒட்டியே பார்ப்பார்கள். இனிமேல்தான் குழந்தை என்றால், செயற்கைக் கருத்தரிப்பில் கருவைப் பரிசோதித்துப் பிறழ்வில்லாததை வைக்கும் வழி இருக்கிறது. எல்லோருக்கும் வேண்டியதில்லை, ஆனால் இருப்பது தெரிந்திருக்கட்டும்.

அறிக்கையில் "விளங்காதது" இருந்தால் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை ஆலோசகரைக் கூப்பிட்டு வகை மாறியிருக்கிறதா என்று கேளுங்கள். குடும்பத்தில் புதிதாக யாருக்காவது நோய் வந்தாலும் உடனே சொல்லுங்கள். படி 1இல் போட்ட தாளில் அந்தப் பெயரையும் வயதையும் சேர்த்துக்கொண்டு போனால், பார்க்கவேண்டிய மரபணுக்களின் பட்டியலே மாறக்கூடும்.